நீலகிரியில் மழலையர் ஆசிரியம்: பிள்ளைக் காப்பகம் முதல் பட்டப்படிப்பு வரை

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பகல் முழுவதும் பேணி, பேசவும் பாடவும் பழக்கி, பள்ளிக்கு ஆயத்தப்படுத்தும் வேலையைப் பெண்கள் பல தலைமுறைகளாகச் செய்து வந்திருக்கின்றனர். ஆயினும் அது கற்றுத் தேர்ந்து செய்ய வேண்டிய தொழில் என்றும், பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய அறிவுத்துறை என்றும் ஏற்கப்படுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அந்த ஏற்பு ஒரே சீராகவும் வரவில்லை. முதலில் சட்டம், பயிற்சி பெற்ற பெண் காப்பகத்துக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றது. பின்னர் அரசின் நலத்திட்டம் ஊழியர்களை அமர்த்திக் குறுகிய காலப் பயிற்சி தந்தது. பல்கலைக்கழகமோ இவ்விரண்டிலிருந்தும் விலகி, மலையடிவார நகரத்தில் தன் பாடத்திட்டத்தை வகுத்தது. இம்மூன்று ஓட்டங்களும் எவ்வாறு தோன்றின, ஏன் இன்றுவரை முழுமையாக ஒன்று கலக்கவில்லை என்பதே மழலையர் ஆசிரியத்தின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீலகிரிக்குள் நவீனக் கல்வி இரு தடங்களில் நுழைந்தது. ஜார்ஜ் காசமேஜர் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரியின் ஆதரவுடன் 1846இல் கேத்தியில் நிலைகொண்ட பாசல் மிஷன், மலைவாழ் படகர் சமூகத்தின் சிற்றூர்களில் பள்ளிகளைத் தொடங்கியது ஒரு தடம். 1858இல் உதகையில் தோன்றிப் பின்னர் லவ்டேலில் நிலைபெற்ற லாரன்ஸ் பள்ளி, 1874இல் உருவான பிரீக்ஸ் நினைவுப் பள்ளி, 1899இல் குன்னூரில் தொடங்கிய ஹெப்ரான் பள்ளி முதலியவை, ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக எழுந்தது மற்றொரு தடம். இதே காலத்தில் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளிலும் தையசோலை போன்ற இடங்களிலும் தேயிலை பரவி, சமவெளி மாவட்டங்களிலிருந்தும் மைசூர்ப் பகுதியிலிருந்தும் மேஸ்திரிகள் எனப்படும் ஆள்சேர்ப்போர் வழியாகத் தொழிலாளர் குடும்பங்கள் மலையேறின. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலையானதால், தாய் மலைச்சரிவில் நிற்கும் நேரத்தில் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி தோட்ட வாழ்வின் அன்றாடக் கேள்வியாயிற்று. மேற்கூறிய இரு தடங்களில் எதுவும், தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளான லைன் வீடுகளின் அந்தக் கேள்விக்கு விடை தேடவில்லை.

உலகின் பிற பகுதிகளில் மழலையர் கல்வியின் கருத்துலகம் இதே காலத்தில்தான் உருப்பெற்றது. ஜெர்மனியில் பிரெடரிக் புரோபல் 1837இல் தொடங்கிய நிலையமே, விளையாட்டின் வழியாகக் கற்கும் ‘கிண்டர்கார்ட்டன்’ முறைக்குத் தொடக்கமாயிற்று. மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லோரன்சோ குடியிருப்பில் திறந்த முதல் குழந்தைகள் இல்லம், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றி இருந்த தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது; இலண்டனின் டெட்போர்டில் மக்மில்லன் சகோதரிகள் 1914இல் நிறுவிய திறந்தவெளி மழலையர் பள்ளியும் அத்தகையதே. இவற்றின் பிறப்புச் சூழலுக்கும் தேயிலைத் தோட்டத்தின் சூழலுக்கும் வேறுபாடு அதிகமில்லை. ஆனால் சென்னை மாகாணத்தில், சீர்திருத்தவாதி மேரி கார்ப்பெண்டரின் இந்திய வருகைக்குப்பின் 1870இல் சென்னையில் பெண் ஆசிரியர்களுக்கு அரசுப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டபோதும், புரோபலின் முறை நகரத்துப் பெண்கள் பள்ளிகளின் கீழ்வகுப்புகளோடு பெரிதும் நின்றுவிட்டது.

1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மாண்டிசோரி தம் மகன் மரியோவுடன் அடையாற்றுக்கு வந்தது தமிழகத்தின் மழலையர் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பம். அவர் அங்கு நடத்திய முதல் பயிற்சியில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரிநாட்டவராகக் கருதப்பட்டனர். மகன் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, தாயின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். பின்னர் கொடைக்கானலில் தங்கிய ஆண்டுகளில், பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்கும் சிறு பள்ளியில் மாண்டிசோரி தம் கருத்துகளை விரிவாக்கினார். 1949இல் இந்தியாவை விட்டு நீங்குவதற்குள் அவருடைய பயிற்சிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேறியிருந்தனர். குழந்தையின் வளர்ச்சியை நாள்தோறும் உற்றுநோக்கிக் குறிப்பெடுப்பதே ஆசிரியரின் முதற்கடமை என்ற கொள்கையும், அதற்கெனத் தனிச் சான்றிதழ் பெற வேண்டும் என்ற வழக்கமும் இங்கு வேரூன்றியது இவ்வாறே. எனினும் அச்சான்றிதழ் பெற்றோர் பெரும்பாலும் நகரங்களின் கட்டணப் பள்ளிகளுக்கே சென்றனர். குஜராத்தில் கிஜுபாய் பதேகாவும் மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக்கும் மாண்டிசோரி முறையை எளிமையாக்கி ஏழைக் குழந்தைகளிடம் கொண்டுசென்றதைப் போன்ற முயற்சி தோட்டங்களை எட்டவில்லை.

தோட்டங்களில் மாற்றத்துக்கு வித்திட்டது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் அவர்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கெனத் தனி அறைகள் அமைக்க வேண்டும் என்று அதன் 12ஆவது பிரிவு விதித்தது. அவ்வறைகள் போதிய இடமும் வெளிச்சமும் காற்றோட்டமும் தூய்மையும் உடையனவாக இருக்க வேண்டும் என்பதோடு, குழந்தைகளையும் சிசுக்களையும் பேணுவதில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் அது கூறியது. 1955இல் வகுக்கப்பட்ட மாநில விதிகள் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 1981ஆம் ஆண்டுத் திருத்தம், பெண் தொழிலாளரின் குழந்தைகள் இருபது பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்று விரிவாக்கியது. பால்குடிக் குழந்தைகளின் தாய்மார்க்கு, குழந்தை பதினைந்து மாதம் நிரம்பும்வரை வேலைநேரத்தில் இருமுறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் விதித்தது. ஆனால் 1951ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியைத் தனியாக 14ஆவது பிரிவில் வைத்து, ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கே அதை உரியதாக்கியது. இவ்வாறு ஆறு வயது என்ற கோடு, அதற்கு முன் பேணுதல், அதற்குப் பின் கற்பித்தல் எனக் குழந்தைப் பருவத்தை இரண்டாகப் பிரித்தது. காப்பகப் பெண்ணின் பணி ஆசிரியப் பணியாகக் கருதப்படாமைக்கு இந்தப் பிரிவினையே சட்ட அடிப்படை.

நடைமுறையில் காப்பகப் பொறுப்பு, கூடை சுமந்து மலையேற முடியாத வயதை எட்டிய தொழிலாளிக்கோ, உடல்நலம் குன்றிய பெண்ணுக்கோ அளிக்கப்படும் இலகு வேலையாகப் பெரும்பாலும் அமைந்தது. பால் காய்ச்சுவது, தொட்டில் ஆட்டுவது, குழந்தைகளைக் கழுவிவிடுவது ஆகியவற்றில் அவர்களுக்கிருந்த கைத்திறனைக் குறைத்து மதிப்பதற்கில்லை. அத்திறனை எழுத்தறிவோடும் குழந்தை வளர்ச்சி பற்றிய அறிவோடும் இணைக்கும் ஏற்பாடுதான் இல்லாதிருந்தது. 1893இல் தோன்றி, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிவரும் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி, 1971இல் தொடங்கிய விரிவான தொழிலாளர் நலத்திட்டத்தில் தாய்சேய் நலத்தையும் குடும்பநலத்தையும் முன்னிறுத்தியது. அதனால் குழந்தையின் உடல்நலம் கவனம் பெற்றது; கற்றல் பின்னுக்கே நின்றது. மேலும், 1981ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னும் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த நிலங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. நீலகிரியின் தேயிலையில் பெரும்பங்கு சிறு விவசாயிகளின் கையில் இருப்பதால், அவர்களின் நிலங்களில் கூலிக்குச் செல்லும் பெண்களுக்குக் காப்பகம் என்பதே சட்ட உரிமையாக இருக்கவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா உடன்பட்டதும், இலங்கையின் மலையகத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் நீலகிரிக்கு வரத் தொடங்கின. அவர்களுக்கு வேலை தருவதற்காக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது டான்டீ, ஆயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அதன் தோட்டங்கள் விரிந்தன. பிள்ளைக் காம்பரா, பிள்ளை மடுவம் என்று இலங்கையில் வழங்கும் காப்பகங்களில் வளர்ந்தவர்களாதலால், வேலைக்குப் புறப்படும்போது குழந்தையை ஒப்படைத்துச் செல்லும் இடம் அவர்களுக்குப் புதிதன்று. இலங்கையில் அக்காப்பகங்கள் பின்னாளில் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகப் பெயர்பெற்று, பொறுப்பாளர்கள் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பதவி உயர்ந்தனர். அத்தகைய பதவிப்பெயரோ படிநிலையோ நீலகிரியின் காப்பகப் பெண்ணுக்கு ஏற்படவில்லை என்பது இரு மலைநாடுகளையும் ஒப்பிடும்போது தெளிவாகிறது.

தோட்டத்துக்கு வெளியே இருந்த குழந்தைகளுக்குக் கதவைத் திறந்தது அரசின் நலத்திட்டமே. 1944ஆம் ஆண்டின் சார்ஜண்ட் அறிக்கை மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ளோருக்கு இலவச மழலையர் பள்ளிகளைப் பரிந்துரைத்திருந்தும், விடுதலைக்குப் பிந்தைய இருபதாண்டுகளில் தொண்டு நிறுவனங்களின் பால்வாடிகளே அப்பணியைப் பெரிதும் சுமந்தன. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் அளித்த அறிக்கை, உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் ஒரே இடத்தில் தர வேண்டும் என்று வலியுறுத்திய பின், 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடி எனப்படும் மையங்களின் வழியாக, 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 1982இல் வந்த சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதற்கொண்டே குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டதால், குழந்தை மையங்கள் சிற்றூர்தோறும் பரவின. பத்தாம் வகுப்புத் தேறிய உள்ளூர்ப் பெண்ணை அமர்த்தி, சில வாரங்கள் பயிற்சி தந்து, எடை பார்ப்பது முதல் முன்பருவக் கல்விவரை அனைத்தையும் அவரிடமே ஒப்படைப்பது குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் முறையாக இருந்தது. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் பின்னர் அவருக்குத் துணையாக வந்தது. ஆனால் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்குடிகளும் படகரும் தனித்தனி மொழி பேசும் மலையில், வீட்டுமொழியிலிருந்து பள்ளிமொழிக்குக் குழந்தையை அழைத்துச் செல்வது எப்படி என்பது ஆழ்ந்த பயிற்சி வேண்டும் கலை. கூடலூரில் பழங்குடியினருக்கென இயங்கும் வித்யோதயா பள்ளி, அச்சமூகங்களின் இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்து இதற்கொரு வழி காட்டியது.

பட்டப்படிப்பு வேறொரு வாயிலில் வந்தது. 1932இல் தில்லியில் தொடங்கிய லேடி இர்வின் கல்லூரியும், 1950இல் பரோடாப் பல்கலைக்கழகத்தில் அமைந்த மனையியல் புலமும் குழந்தை வளர்ச்சியை உயர்கல்விப் பாடமாக்கின. முன்னாள் கல்வி அமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் 1957இல் கோவையில் நிறுவி, இராஜம்மாள் தேவதாஸ் வழிநடத்திய மகளிர் மனையியல் கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மலையிலிருந்து இறங்கி இத்துறையைக் கற்க விரும்பிய பெண்களுக்கு அருகில் இருந்த பெரிய வாயில் அதுவே. குழந்தையின் உடல், மொழி, உணர்வு வளர்ச்சி, ஊட்டச்சத்து, குடும்பவியல் ஆகியவற்றைக் கோட்பாடாகக் கற்பதோடு, கல்லூரியின் பொறுப்பில் நடக்கும் மழலையர் பள்ளியான ஆய்வகப் பள்ளியில் குழந்தைகளை உற்றுநோக்கி அறிக்கை எழுதுவதும், பாடல், கதை, பொம்மை முதலியவற்றைத் தாமே உருவாக்குவதும் மனையியல் கல்வியின் இந்தப் பிரிவுக்குரிய பயிற்சிகள். ஆயினும் மனையியல் என்ற பெயரே இதை இல்லறப் படிப்பாகக் காட்டியது. ஆசிரியர் நியமனத்துக்குரிய தகுதியாக அரசு அதைக் கொள்ளவில்லை.

உதகையில் 1955இல் அரசு கலைக் கல்லூரியும் குன்னூரில் 1966இல் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரியும் தோன்றிய பின், தோட்டக் குடும்பங்களின் பெண்கள் ஊரிலிருந்தே பட்டம் பெற வழி பிறந்தது. ஆனால் அப்பட்டங்கள் கலை, அறிவியல், வணிகத் துறைகளைச் சார்ந்தவை. மழலையர் ஆசிரியத்துக்கெனத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வரையறுத்த இரண்டாண்டு முன்பருவக் கல்விப் பட்டயமும், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிப் பட்டயமும், பணியிலிருப்போர்க்கு எட்டும் தொலைவில் இருந்த படிகள். பட்டயம் என்பது குறிப்பிட்ட தொழிலைச் செய்வதற்கான தேர்ச்சி. பட்டமோ அத்தொழிலின் அடிப்படைகளை ஆராய்ந்து பாடத்திட்டம் வகுக்கவும், பிறருக்குப் பயிற்சி தரவும், உயர்பதவிக்குப் போட்டியிடவும் தகுதி தருவது. பட்டயத்திலிருந்து பட்டத்துக்கு ஏறும் பாலம் இத்துறையில் உறுதியாகக் கட்டப்படவில்லை.

2019 ஜனவரியில் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கி, தொடக்கப்பள்ளிக்கெனப் பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர்களை அங்கு மாற்றியபோது, இந்த இடைவெளி எல்லோருக்கும் புலப்பட்டது: ஆசிரியப் பட்டயம் உடையவருக்கு மழலையர் பயிற்சி இல்லை, மழலையரோடு பழகியவருக்கு ஆசிரியத் தகுதி இல்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயதுவரை ஒரே அடித்தள நிலையாகக் கொண்டு, அதற்கும் பொருந்தும் நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியப் பட்டத்தையும், அங்கன்வாடி ஊழியர்க்கு ஆறுமாதச் சான்றிதழ் அல்லது ஓராண்டுப் பட்டயத்தையும் முன்மொழிந்தது. தமிழ்நாடு அக்கொள்கையை ஏற்காமல், 2025 ஆகஸ்டில் தன் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. எந்தக் கொள்கை நடைமுறையாயினும், நீலகிரியின் வரலாறு ஒரு தீர்ப்பைத் தெளிவாகத் தருகிறது. சட்டம் 1951இலேயே கேட்ட பயிற்சி பெற்ற பெண், காப்பகத்திலும் அங்கன்வாடியிலும் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவர்களிடையே பாதி உருவாகி நிற்கிறார். அவருடைய பணி அனுபவத்தைப் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணாக ஏற்று, மலையிலேயே தமிழில் பட்டம் பெறும் வழியை அமைத்து, அப்பட்டத்துக்கு ஆசிரியர் ஊதியத்தை அரசு உறுதிசெய்தால் மட்டுமே மறுபாதி நிறைவுறும்.