ஓவியர் டியூறரின் நாட்கணக்கு

யேர்மனியின் நியூறன்பேர்க் நகரத்து ஓவியர் அல்பிரெக்ட் டியூறர், பிராங்க்பேர்ட் நகரத் துணி வணிகர் யேக்கப் ஹெல்லருக்கு 1507ஆம் ஆண்டு முதல் 1509ஆம் ஆண்டு வரை எழுதிய ஒன்பது கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. கலைத் தத்துவத்தை எதிர்பார்த்து அவற்றைக் கையிலெடுப்பவர் ஏமாற்றமடைவர். வேலை பிந்தியதன் காரணம், வண்ணத்தின் விலை, பேசிய கூலி போதாமை என்பனவே அவற்றில் நிறைந்துள்ளன. ஒரு பட்டறையின் தலைவர் தம் நாட்களை எண்ணிப் பார்த்த கதை அது.

டியூறர் 1471இல் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தவர். ஓவியம் ஒருமுறை எழுதி ஒருவருக்கே விற்கப்படுவது. அடுத்த காசுக்கு அடுத்த ஓவியம் எழுதவேண்டும். அச்சுப்படம் அத்தகையதன்று. மரக்கட்டையில் ஒருமுறை செதுக்கிய படத்தைக் கட்டை தேயுமட்டும் அச்சிடலாம். அக்காலத்தின் பெரும் அச்சகத்தாருள் ஒருவரான அன்ரன் கோபேர்கர் டியூறரின் ஞானத்தந்தை. ஆகவே அச்சுத்தொழிலின் இலாபநட்டம் அவர் அறியாததன்று. 1498இல் திருவெளிப்பாட்டு நூலுக்குப் பதினைந்து மரச்செதுக்குப் படங்கள் அமைத்துத் தாமே வெளியிட்டார். பிற்பாடு அவர் வெனிஸ் நகரில் தங்கியிருந்த காலத்தில், மனைவி அக்னெஸ் பிராங்க்பேர்ட் சந்தையிலும் தாயார் நியூறன்பேர்க் திருவிழாவிலும் அப்படங்களை விற்றனர். கணவர் ஊரில் இல்லாதபோதும் கடை நடந்தது.

1507இல் வெனிசிலிருந்து மீண்ட டியூறரிடம், தொமினிக்கன் துறவிகளின் பிராங்க்பேர்ட் கோயிலுக்கு ஒரு பீட ஓவியம் வேண்டினார் ஹெல்லர். கன்னிமரியாளின் விண்ணேற்பே பொருள். கூலி 130 புளோரின் பொற்காசு. ஆனால் சக்சனி அரசர் பிரெடெரிக்குக்கு எழுதவேண்டிய ஓவியம் ஒன்று முன்னரே கையில் இருந்தது. இடையே காய்ச்சலும் வந்து பல நாட்களைக் கொண்டுபோயிற்று. அரசரின் வேலை முடியாமல் வணிகரின் வேலை தொடங்கவில்லை.

நடுப்பலகையைத் தம் கையாலேயே எழுதுவதாக டியூறர் வாக்களித்தார். கதவுப்பலகைகளின் வெளிப்புறத்தைப் பட்டறையாட்களிடம் விட்டார். பிறரிடம் விடக்கூடியது எது, விடக்கூடாதது எது என்பதில் அவருக்கு மயக்கம் இருக்கவில்லை. துன்பம் விளைந்ததோ தம் கையால் செய்த பகுதியில்தான். ஓவியத்தின் ஒவ்வொரு பகுதியும் பல பூச்சுக்களைக் கண்டது. விலையுயர்ந்த நீலவண்ணம் பொன்னை விழுங்கிற்று. 130 புளோரின் போதாதென்று 200 கேட்டார். வாக்குத் தவறினீரென ஹெல்லர் சினந்தார். வணிகர் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறுத்தலாகாது. பேசிய விலைக்கு ஒப்பி, இரண்டாண்டு காத்திருந்து, பின்னர் கூடுதல் தொகை கேட்கப்பட்டால் எவருக்கும் கோபம் வரும். முடிவில் 200 புளோரினுக்கே காரியம் நிறைவேறிற்று.

1509 ஓகஸ்டு மாதத்தில் ஓவியத்தை அனுப்பியபோது டியூறர் எழுதிய கடிதம், மற்றவற்றினும் வெளிப்படையானது. சாதாரண ஓவியங்களானால் ஓராண்டில் ஒரு குவியலே எழுதிவிடலாம், இத்தகைய நுணுக்க வேலையிலோ பிழைப்பு நடவாது, இனித் தாம் செதுக்கு வேலையையே கவனிக்கப்போவதாக அவர் கூறுகின்றார். முன்பே அவ்வாறு செய்திருந்தால் ஆயிரம் புளோரின் கூடுதலாகக் கையிலிருந்திருக்கும் என்பதும் அவர் கணக்கு. ஓவியம் ஐந்நூறு ஆண்டு பழுதின்றி நிற்கும் என்றும், அதன்மேல் தீர்த்தம் தெளிக்கவேண்டாம் என்றும் எச்சரிக்கவும் அவர் மறக்கவில்லை.

பேரம் பேசுபவரின் முறையீட்டை முழுவதும் நம்பவேண்டியதில்லை. அதே 1509இல் நகரில் ஒரு பெரிய வீட்டையும் அவர் வாங்கினார். எனினும் சொன்னதைப் பெரும்பாலும் செய்தும் காட்டினார். ஓவியத்தை அறவே கைவிடாவிடினும், 1511இல் மூன்று பெரும் படநூல்களை ஒருங்கே வெளியிட்டார். பிறர் அவற்றை நகல்செய்யாதிருக்கப் பேரரசரின் காப்புரிமையையும் அச்சில் அறிவித்தார். ஒருமுறை செலவிட்ட உழைப்பைப் பலமுறை விற்பவனுக்குத் திருட்டு அச்சைவிடக் கொடிய பகை வேறில்லை. 1513, 1514ஆம் ஆண்டுகளில் அவர் செப்புத்தகட்டில் செதுக்கிய மூன்று புகழ்பெற்ற படங்கள் வெளிவந்தன. வீரனும் மரணமும் சாத்தானும் தோன்றும் படம், அறையிலிருந்து எழுதும் புனித ஜெரோம், சோர்ந்தமர்ந்த சிறகுடைய பெண் என்னும் மூன்றிலும் மணற்கடிகை ஒன்று காணப்படுகின்றது.

ஹெல்லரின் ஓவியம் ஐந்நூறு ஆண்டு நிற்கவில்லை. 1614இல் பவேரியக் கோமகன் மாக்சிமிலியன் அதன் நடுப்பலகையை வாங்கினார்; 1729இல் மியூனிச் அரண்மனையில் மூண்ட தீ அதனை எரித்தது. இன்று எஞ்சியிருப்பது ஜோப்ஸ்ட் ஹாரிச் எழுதிய பிரதியே. ஓவியத்தில் வரும் திருத்தூதர் ஒருவருக்காக டியூறர் நீலத்தாளில் வரைந்து பார்த்த கூப்பிய கைகள் வியன்னாவின் அல்பேற்றினா அரும்பொருளகத்தில் உள்ளன. அவற்றின் அச்சுப் பிரதிகள் உலகெங்கும் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன.