ஊர்ப் பேரைத் தொலைத்த விவசாயிகள்: தஞ்சாவூரிலிருந்து நேட்டால் வரை

இந்த எபிசோடு ஒரு ஆபீஸ் பேச்சுல ஆரம்பிச்சது. எங்க டீம்ல நார்வேக்காரர் ஒருத்தர் இருக்கார். ஒருநாள் கால் முடியுற நேரத்துல, "உங்க பேருக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு எழுத்து என்ன?"ன்னு கேட்டார். முதல் எழுத்து ஊர், திருவையாறு; ரெண்டாவது அப்பா பேருன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். "எங்க வழக்கமும் அதுதான். என் குடும்பப் பேரே ஒரு பண்ணையோட பேரு"ன்னார்.

அப்புறம் தேடிப் படிச்சேன். நார்வே கிராமங்கள்ல ஒருத்தருக்கு மூணு பேரு இருக்கும். சொந்தப் பேரு, அப்பா பேரோட 'சென்' சேர்த்த பேரு, அதாவது ஹான்ஸோட மகன்னா ஹான்சென், கடைசியா அவர் உழுற பண்ணையோட பேரு. வேற பண்ணைக்குக் குடி போனா கடைசிப் பேரும் மாறிடும். 1923-ல சட்டம் போட்டுத்தான் எல்லாருக்கும் நிலையான குடும்பப் பேரு வந்தது. நிலத்தையும் அப்பாவையும் பேர்லயே சுமந்துட்டுத் திரிஞ்ச விவசாயிகள் அவங்க. நம்ம ஆட்களும் அப்படித்தானே?

இந்த ரெண்டு கூட்டமும் ஒரே நாட்டுல, ஒரே கடற்கரையில குடியேறின கதை ஒண்ணு இருக்கு. அந்த இடம் நேட்டால். இன்னிக்குத் தென்னாப்பிரிக்காவோட கிழக்குக் கரை, டர்பன் பக்கம்.

1882-ல 'லாப்லாண்ட்'ங்கிற கப்பல்ல இருநூறுக்கும் மேற்பட்ட நார்வேக்காரங்க போர்ட் ஷெப்ஸ்டோன் கரையில வந்து இறங்கினாங்க. குடும்பம் குடும்பமா வந்தவங்க. பக்கத்துல மார்பர்க்ங்கிற இடத்துல குடும்பத்துக்கு 100 ஏக்கர் வீதம் காலனி அரசாங்கம் நிலம் ஒதுக்குச்சு. அவங்க வாழ்க்கை சுகமா இருந்ததுன்னு சொல்ல வரல. பழக்கமில்லாத மண்ணு, விளைஞ்சதை விற்கச் சந்தை தூரம். கொஞ்ச வருஷத்துலயே பல பேர் நிலத்தை விட்டுட்டு டவுனுக்குப் போயிட்டாங்க. ஆனா வரும்போது அவங்க பேரு 'குடியேறி'. அந்த ஒரு வார்த்தையோட நிலமும் சேர்ந்தே வந்தது.

அதுக்கு 22 வருஷம் முன்னாடி, 1860 அக்டோபர்ல மெட்ராஸ்ல இருந்து 'ட்ரூரோ' கப்பல் கிளம்புச்சு. 342 பேர். நவம்பர் 16-ஆம் தேதி டர்பன்ல இறங்கினாங்க. அன்னிலிருந்து 1911 வரைக்கும் மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளா நேட்டாலுக்குப் போனாங்க. அதுல பெரும்பகுதி மெட்ராஸ் கப்பல்கள்ல போனவங்க. வட ஆற்காடு, செங்கல்பட்டுன்னு பல ஜில்லா ஆட்கள், தஞ்சாவூர் ஜில்லா ஆட்களும் உண்டு. இவங்க பேரு 'குடியேறி' இல்லை, 'கூலி'. குடும்பம் குடும்பமா போனதும் இல்லை; 100 ஆண்களுக்கு 40 பெண்கள்னு கணக்கு வச்சு ஏத்தினாங்க.

காவிரித் தண்ணி பாயுற ஊரை விட்டு ஒருத்தன் ஏன் போகணும்? தண்ணி பாய்ஞ்சது, ஆனா நிலம் அவனோடது இல்லை. நம்ம டெல்டாவுல நிலம் மிராசுதார் கையில. நாத்து பறிச்சு, நட்டு, அறுத்து, போரடிச்சுப் போட்டவன் பண்ணையாள். அவனுக்கும் பண்ணைப் பேரு ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தது, ஆனா நார்வே விவசாயிக்கு ஒட்டின மாதிரி இல்லை. 'இன்னார் பண்ணை ஆள்'ங்கிற அர்த்தத்துல. பண்ணையாளைப் பாதுகாக்கன்னு தஞ்சாவூருக்கு ஒரு தனிச் சட்டம் வர 1952 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படின்னா 1860-லயோ 1890-லயோ நிலைமை என்னவா இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

ஒப்பந்தம் அஞ்சு வருஷம். கரும்புத் தோட்டத்துல வேலை. ஆம்பளைக்கு முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி அஞ்சாவது வருஷம் 14. பொம்பளைக்கு அதுல பாதி. ஒப்பந்தம் முடிஞ்சும் அங்கேயே இருந்து பத்து வருஷம் ஆயிட்டா, ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட் இலவசம். அது வேண்டாம்னா அந்தக் காசுக்குச் சமமா நிலம் வாங்கிக்கலாம்னு 1870-ல சட்டம் சொல்லுச்சு. கிடைச்சது கொஞ்சம் பேருக்குத்தான். 1891-ல அந்த வாய்ப்பையும் எடுத்துட்டாங்க.

ஆனாலும் பல பேர் திரும்பல. டர்பனைச் சுத்தி ஆத்தோரத்துல, வெள்ளைக்காரங்க சும்மா போட்டிருந்த நிலத்துல ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்னு குத்தகைக்கு எடுத்தாங்க. பீன்ஸ், மிளகாய், கீரை, சோளம், புகையிலைன்னு போட்டாங்க. விடியறதுக்கு முன்னாடி கூடையைச் சுமந்துட்டுப் போய் வீடு வீடா வித்தாங்க. வேலை மொத்தக் குடும்பத்துக்கும்தான்: புருஷன் கொத்துவான், பொண்டாட்டி களை எடுப்பா, பிள்ளைங்க தண்ணி இறைக்கும். டர்பனுக்குக் காய்கறி கிடைக்குதுன்னா அது இந்தியத் தோட்டக்காரங்களாலதான்னு 1880-கள்ல அரசாங்கம் போட்ட ராக் கமிஷன் விசாரணையிலயே பதிவாயிருக்கு.

பண்ணையாளா இருந்தவன் முதல்முறையா தனக்குன்னு விதைச்சான். அங்கேதான் வெள்ளைக்காரக் காலனிக்கு உறுத்த ஆரம்பிச்சது. கூலியா இருந்தா சரி, விவசாயியா இருந்தா போட்டியாச்சே!

1895-ல ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிஞ்சு அங்கேயே இருக்கணும்னா வருஷத்துக்கு மூணு பவுன் வரி. 1903-ல அது பிள்ளைங்களுக்கும் வந்தது: 16 வயசான பையன், 13 வயசான பொண்ணு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மூணு பவுன்னா 60 ஷில்லிங். மாசம் 14 ஷில்லிங் கூலி வாங்கினவனுக்கு நாலு மாசக் கூலிக்கும் மேல. அப்பா, அம்மா, பையன், பொண்ணுன்னு நாலு பேர்னா 240 ஷில்லிங். பதினேழு மாசக் கூலி! வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம்தானே இருக்கு? கட்ட முடியலன்னா ஊருக்குப் போ, இல்லன்னா திரும்பக் கூலிக்குக் கையெழுத்துப் போடு. அதுதான் சட்டத்தோட நோக்கமே.

1913-ல காந்தி நடத்தின போராட்டத்துல இந்த வரி ஒரு முக்கியக் காரணம். நிலக்கரிச் சுரங்கத்துல, கரும்புத் தோட்டத்துல ஆயிரக்கணக்கான பேர் வேலையை நிறுத்தினாங்க. அதுல சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை நமக்குத் தெரியும். தரங்கம்பாடி பக்கத்துத் தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம், பிறந்தது ஜோகன்னஸ்பர்க்ல. சிறையில காய்ச்சல் வந்து, விடுதலையான கொஞ்ச நாள்ல, 1914 பிப்ரவரி 22-ல செத்துப்போச்சு அந்தப் பொண்ணு. பதினாறு வயசு. அதே வருஷம் மூணு பவுன் வரியை ரத்து பண்ணாங்க.

வரி போச்சு, அடுத்து ஆறு வந்தது. டர்பன்ல அம்ஜெனி ஆத்தோரம் ஸ்பிரிங்ஃபீல்டுல நிறையத் தோட்டக் குடும்பங்கள் இருந்தாங்க. 1917 அக்டோபர் 28-ல பெரிய வெள்ளம். தகரக் கொட்டகைகளோட சேர்த்து நூத்துக்கணக்கான பேரை அடிச்சுட்டுப் போச்சு. அப்போ மாரிமுத்து படவட்டானும் அவர் கூட்டாளிகளும், மொத்தம் ஆறு பேர், மீன்பிடிப் படகை எடுத்துட்டு அந்த வெள்ளத்துக்குள்ள திரும்பத் திரும்பப் போய் 170-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாத்தினாங்க. டர்பன் தமிழர்கள் இன்னிக்கும் அவங்களை 'படவட்டான் ஆறு பேர்'னுதான் சொல்றாங்க. ஆடிப்பெருக்குக்குப் புஷ்ய மண்டபப் படித்துறையில நின்னு தண்ணியைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் பேச்சே வரல.

அதுக்கப்புறம் நிறவெறி ஆட்சி. 1950-ல வந்த குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால கேட்டோ மேனர் மாதிரி இடங்கள்ல சொந்தமா நிலம் வாங்கியிருந்த இந்தியக் குடும்பங்களையும் கிளப்பிவிட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினாங்க. நார்வே வம்சத்துக்கு அந்த ஆபத்து வரல, அவங்க வெள்ளைக்காரங்க. ஒண்ணை மறந்துடக் கூடாது: இந்த ரெண்டு கூட்டத்துக்கும் முன்னாடி அந்த மண்ணு ஸூலு மக்களோடது. அவங்க இழந்ததுக்கு ஏக்கர் கணக்கே போட முடியாது.

சரி, பேரு விஷயத்துக்கு வர்றேன். நேட்டால்ல கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார், படையாச்சி அப்படியே நின்னார். பல வீடுகள்ல தாத்தாவோட சொந்தப் பேரே, முனுசாமி, பெருமாள், குடும்பப் பேரா உறைஞ்சு போச்சு. போகிற வழியில விழுந்தது ஊர்ப் பேரு மட்டும்தான்.

ஆனா முழுசா விழல. கப்பல்ல ஏறின ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் கொடுத்து ரிஜிஸ்டர்ல எழுதினாங்க. டேட்டாபேஸ்ல வேலை பார்க்கிறவன்ங்கிறதால எனக்கு அதோட காலங்கள்தான் முதல்ல கண்ணுல பட்டது: நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்புல இருக்கிற அடையாளம். ஆளைத் தப்பிக்க விடாம பிடிக்க எழுதின கணக்கு அது. இன்னிக்கு அவங்க பேரப்பிள்ளைங்க ஊரைத் தேடி வர்றதுக்கு அதே கணக்குதான் வழி. சிக்கல் என்னன்னா, கிளார்க் காதுல விழுந்ததை இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கான். அது எந்த ஊருன்னு கம்ப்யூட்டர் சொல்லாது, உள்ளூர்க்காரன்தான் சத்தமா வாசிச்சுப் பார்த்துச் சொல்லணும்.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க வீட்ல, "கப்பலேறிப் போனார், திரும்பி வரல"ன்னு யாரையாவது பத்திப் பாட்டி சொல்லியிருந்தா, அவர் பேரு, அவர் அப்பா பேரு, ஊர்ப் பேரு மூணையும் இன்னிக்கே எழுதி வைங்க. அங்கே ஒருத்தர் நம்பரை வச்சுக்கிட்டு ஊரைத் தேடிட்டு இருக்கலாம். ஊர் நம்மகிட்டதான் இருக்கு. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.