ஹியூ கிளெக்கோர்ன்: மருத்துவர் காட்டதிகாரியான வரலாறும் இலங்கை வரை நீண்ட அதன் தொடர்ச்சியும்

சென்னை மாகாணத்தின் முதலாவது காட்டுப் பாதுகாவலரான ஹியூ பிரான்சிஸ் கிளார்க் கிளெக்கோர்ன் (1820–1895) தொழிலால் மருத்துவர். தென்னிந்தியாவில் அரசாங்கக் காட்டு நிருவாகம் அவர் கையிலேதான் உருப்பெற்றது. அது வகுத்த வழியையே முப்பது ஆண்டுகளுக்குள் இலங்கையும் பின்பற்றியது. காட்டை அரசின் சொத்தாக வரையறுத்தல், மரம் வெட்ட அனுமதிச் சீட்டுக் கோருதல், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனைச் செய்கையைக் குற்றமாகக் காணுதல் ஆகிய மூன்றும் எந்தத் தேவையிலிருந்து பிறந்தன என்பதை அவருடைய பணிவாழ்வு காட்டுகிறது.

குடும்பமும் கல்வியும்

கிளெக்கோர்ன் என்ற பெயர் இலங்கைத் தமிழருக்குப் புதிதன்று. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் இலங்கையின் முதலாவது குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்து, வடக்கும் கிழக்கும் தமிழர் வாழும் பகுதிகள் எனக் குறிப்பிட்ட 1799ஆம் ஆண்டுக் குறிப்பை எழுதியவர் இவருடைய பாட்டனாரான மூத்த ஹியூ கிளெக்கோர்ன். ஒல்லாந்தரிடம் கூலிப்படையாக இருந்த டி மியூரோன் படைப்பிரிவைப் பிரித்தானியர் பக்கம் மாற்றி, இலங்கை கைமாற வழிசெய்தவரும் அவரே.

பேரன் 1820 ஓகஸ்ட் 9ஆம் திகதி சென்னையில் பிறந்தார். தந்தை சென்னை உச்ச நீதிமன்றத்தில் பணியாற்றியவர். சிறுவயதிலேயே ஸ்கொட்லாந்துக்கு அனுப்பப்பட்டு, ஸ்ட்ராவிதி என்னும் குடும்பப் பண்ணையில் வளர்ந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1841இல் பட்டம் பெற்றார். அக்கால மருத்துவப் படிப்பில் தாவரவியல் பிரிக்க முடியாத பாடம். மருந்தில் பெரும்பகுதி செடிகொடிகளிலிருந்து வந்ததால், மருத்துவன் செடியை இனங்காணத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவின் முதற் காட்டதிகாரிகளிற் பலர் மருத்துவர்களாக இருந்ததற்கு இதுவே காரணம்.

ஷிமோகா: நாளுக்கொரு செடி

1842இல் கம்பனியின் மருத்துவச் சேவையில் சேர்ந்து சென்னை வந்த கிளெக்கோர்ன், பின்னர் மைசூரிலுள்ள ஷிமோகாவில் பணியமர்ந்தார். நாளுக்கு ஒரு செடியைக் கால்மணி நேரமாவது ஆராய வேண்டும் என்பது அவர் கைக்கொண்ட ஒழுங்கு. உள்ளூர் ஓவியர் ஒருவரை அமர்த்தி, பறித்த செடி வாடுமுன் இலையும் பூவும் காயுமாக அதை வரையச் செய்தார். இவ்வழக்கம் பின்னர் சென்னையிலும் தொடர்ந்தது. கோவிந்து போன்ற இந்திய ஓவியர்களின் கைவண்ணமாகச் சேர்ந்த படங்கள் இன்று எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் உள்ளன.

மலைநாட்டுக் காடு அழிவதையும் அவர் ஷிமோகாவிலேயே நேரில் கண்டார். மலைவாழ் மக்கள் ஒரு துண்டுக் காட்டை வெட்டிக் காயவிட்டு, எரித்து, சாம்பல் படிந்த மண்ணில் ஓரிரு போகம் தானியம் விதைத்து, பின்பு அதை விட்டு வேறிடம் நகர்வார்கள். கன்னட நாட்டில் இதற்குக் குமரி என்று பெயர். மட்டக்களப்பார் சேனை என்பது இதனையே.

1851ஆம் ஆண்டு அறிக்கை

உடல்நலம் குன்றி 1848இல் ஸ்கொட்லாந்து திரும்பியிருந்தபோது, வெப்பமண்டலக் காடழிவின் விளைவுகளை ஆராயப் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கம் அமைத்த குழுவில் அவர் முதன்மைப் பங்கேற்றார். ராயில், பெயர்ட் ஸ்மித், ஸ்ட்ராச்சி ஆகியோர் மற்றைய உறுப்பினர்கள். 1851இல் முன்வைக்கப்பட்ட அறிக்கை, காட்டைப் பேணுவது அரசின் கடமை என வாதிட்டது. மலைச்சரிவில் மரம் அழிந்தால் ஊற்று வற்றும், மண் அரிக்கப்படும், கட்டுமான மரமும் விறகும் அரிதாகும் என்பதே அதன் சாரம்.

காட்டுப் பாதுகாவலர், 1856

இந்தியா திரும்பிச் சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியராக இருந்த கிளெக்கோர்னை, ஆளுநர் ஹரிஸ் பிரபுவின் அரசு 1856இல் காட்டுப் பாதுகாவலராக நியமித்தது. அதே ஆண்டு ஜூலையில் இராயபுரத்துக்கும் வாலாஜாவுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகையிரதம் ஓடியது. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 வரையான சிலிப்பர் கட்டைகள் தேவைப்பட்டன. மழையிலும் கறையானிலும் அவை சில ஆண்டுகளிலேயே உளுத்தன. சென்னை மாகாணத்தில் மட்டும் 1850களில் இதற்காக ஆண்டுக்கு 35,000 மரங்கள் வீழ்ந்தன. கப்பல் கட்டும் துறைகளும் கோப்பித் தோட்டங்களும் மேலும் காட்டைத் தின்றன. காட்டைக் காக்கும் பதவியும் காட்டை உண்ணும் இரும்புப் பாதையும் ஒரே ஆண்டில் பிறந்தது தற்செயலன்று. மரம் தீர்ந்துவிடும் என்ற அச்சமே பாதுகாப்புக்கு நிதி ஒதுக்க அரசை இணங்கவைத்தது.

கிளெக்கோர்னுக்கு முன்னோடிகள் இருந்தனர். நிலம்பூரில் மலபார் கலெக்டர் கொனொலி 1840களில் தேக்குத் தோட்டத்தைத் தொடங்கினார். தேக்கு விதை எளிதில் முளைப்பதில்லை. தொடக்க முயற்சிகள் தோற்றன. விதையை நீரில் ஊறவைத்து, பாத்தியில் இட்டு, வைக்கோலால் மூடி நீர் தெளிக்கும் முறையால் வெற்றி கண்டவர் அங்கு துணைப் பாதுகாவலராக இருந்த சாத்து மேனன். அந்த வகையில் தென்னாட்டின் அரசாங்கக் காட்டுப் பணியில் முதலில் தடம் பதித்த உள்நாட்டவர்களுள் அவர் ஒருவர். 1846இல் நட்ட மரங்களின் ஒரு பகுதி கொனொலி தோட்டம் என்ற பெயரில் இன்றும் நிற்கிறது.

கிளெக்கோர்ன் இச்சிதறிய முயற்சிகளை ஒரே நிருவாகத்தின் கீழ் இணைத்தார். 1857இல் பெடோம் அவருக்கு உதவியாளராக வந்தார். பின்னர் பெடோமே காட்டுப் பாதுகாவலர் பதவிக்கு உயர்ந்தார். ஆனைமலையின் உயர்சரிவுகளுக்குக் கிளெக்கோர்ன் 1858இல் மேற்கொண்ட பயணம் அப்பகுதித் தாவரங்கள் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளுள் ஒன்று. அரசுக் காடுகளில் அனுமதியின்றிக் குமரி செய்வது 1860இல் தடைசெய்யப்பட்டது. 1861இல் வெளிவந்த 'தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும்' என்ற நூலில் அவருடைய பணி அறிக்கைகள் தொகுக்கப்பட்டன.

குமரித் தடையின் சுமை சமமாக விழவில்லை. தோட்டக்காரரும் புகையிரதக் குத்தகைக்காரரும் அனுமதி பெற்று வெட்டினர். தலைமுறைகளாகக் காட்டில் விதைத்துண்ட மலைவாழ் மக்களோ ஒரே ஆணையால் சட்டத்தை மீறியவர்களாயினர். மரத்தின் பெறுமதியைக் கணக்கிடத் தெரிந்த நிருவாகம், அம்மக்களின் நிலவறிவை ஏட்டில் ஏற்றவில்லை. சுழற்சி நீண்டதாக இருந்தால் வெட்டிய காடு மீண்டும் தழைக்கும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை.

பஞ்சாப்பும் பிற்காலமும்

1861க்குப் பின் கிளெக்கோர்ன் பஞ்சாப், மேற்கு இமயமலைத் தேவதாருக் காடுகளை ஆராய்ந்தார். அவ்வறிக்கை 1864இல் வெளியானது. அதே ஆண்டு அகில இந்தியக் காட்டுத் திணைக்களம் உருவாகி, ஜேர்மனியரான டீட்ரிச் பிராண்டிஸ் அதன் முதற் தலைமை அதிகாரியானார். அவர் விடுப்பில் சென்றபோது கிளெக்கோர்ன் அப்பதவியை வகித்தார். ஓய்வுக்குப் பின் ஸ்கொட்லாந்தில் காட்டியற் கல்வி வேரூன்ற உழைத்து, 1895 மே 16ஆம் திகதி ஸ்ட்ராவிதியில் காலமானார். இலங்கையிலும் வளரும் ஒரு கொடிப் பேரினத்துக்கு ரொபர்ட் வைட் இட்ட கிளெக்கோர்னியா என்ற பெயர் அவர் நினைவாக நிலைத்துள்ளது.

இலங்கையில் தொடர்ச்சி

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியனவாக ஏற்கெனவே கருதியிருந்தது. அவற்றைப் பேணத் தனித் திணைக்களம் இருக்கவில்லை. இந்தியக் காட்டுச் சேவையைச் சேர்ந்த வின்சென்ட் வரவழைக்கப்பட்டு 1882இல் அளித்த அறிக்கை, சேனையையும் ஒழுங்கற்ற மரம் வெட்டலையும் கடிந்தது. 1885இல் வனச் சட்டமும் 1887இல் வனத் திணைக்களமும் வந்தன. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம், பலமுறை திருத்தப்பட்டு, இன்றும் நடைமுறையில் உள்ளது.

மட்டக்களப்பு வாவியின் இருகரைக்கும் இவ்வரலாறு நேரடியாகப் பொருந்தும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலுள்ள தேற்றாத்தீவு, உலர்வலயக் காட்டு மரமான தேற்றாவின் பெயரைத் தாங்கிய ஊர். அதன் கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துவிட்டால், கலங்கிய நீரின் சேறு அடியிற் படிந்து நீர் தெளியும். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் காடுகளில் முதிரை, பாலை, கருங்காலி போன்ற மரங்களோடு சேனைப் பயிரும் இருந்தது. முதிரையும் கருங்காலியும் அரசின் கணக்கேட்டில் பெறுமதியுள்ள வெட்டுமரங்களாயின. சேனை அனுமதிச் சீட்டுக்கு உட்பட்டது. நீர் தெளியவைக்கும் தேற்றா போன்றவற்றின் பயனை அந்த ஏடு பெரிதாக மதிக்கவில்லை. அவற்றைப் பெயராலும் பழக்கத்தாலும் காத்தவர்கள் ஊர்மக்களே.