இஞ்சிரொட்டி வீடும் வைக்கோல் குடிலும்

மாவு, தேன் அல்லது சர்க்கரைப்பாகு, இஞ்சி, பட்டை, கிராம்பு, ஏலம் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து கெட்டியாகச் சுட்ட ரொட்டிப் பலகைகளைச் சர்க்கரைச் சாந்தால் ஒட்டி எழுப்பும் வீடு 'இஞ்சிரொட்டி வீடு' எனப்படுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது கிறிஸ்துமஸ் காலத்தின் அடையாளங்களில் ஒன்று. மேசைமேல் வைக்கும் விளையாட்டுப் பொருளாகத் தொடங்கிய இது, இன்று மனிதர் உள்ளே நுழைந்து வரும் அளவுக்குப் பெரிய விழாக்காலக் காட்சியாக வளர்ந்திருக்கிறது. இந்த ரொட்டிக்குச் சுவை தரும் ஏலமும் இஞ்சியும் விளையும் மலைகளுள் ஒன்று, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு எல்லையாக நிற்கும் ஏலமலை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் கிறிஸ்துமஸுக்குக் கட்டப்படுவது இஞ்சிரொட்டி வீடு அல்ல, வைக்கோல் குடில். இந்த இரண்டு வீடுகளின் வரலாற்றையும், இடையே ஓடும் தொடர்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லின் பயணம்

இஞ்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ஜிஞ்சர்', இலத்தீன், கிரேக்கம், பிராகிருதம் எனப் பின்னோக்கிச் சென்றால் தென்னிந்தியாவில் வந்து நிற்கிறது. 'இஞ்சிவேர்' என்னும் திராவிடச் சொல்லே கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' ஆயிற்று என்பது மொழியியலாளர் பலரும் ஏற்கும் கருத்து. சேரநாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து மிளகும் பிற மணப்பொருள்களும் உரோமாபுரிக்குச் சென்ற கடல்வழியில் பொருளோடு பெயரும் பயணம் செய்தது.

'ஜிஞ்சர்பிரெட்' என்ற சொல்லின் பின்பாதிக்கும் தொடக்கத்தில் ரொட்டியோடு தொடர்பில்லை. பழைய பிரெஞ்சில் அது பாகில் பதப்படுத்திய இஞ்சியைக் குறித்தது. ஆங்கிலேயர் காதில் அச்சொல்லின் கடைசி ஓசை 'பிரெட்' என்று விழுந்ததால் 14ஆம் நூற்றாண்டில் பெயர் மாறியது. பின்னர் அது உண்மையாகவே ரொட்டிவகை ஒன்றுக்குப் பெயராயிற்று. ஜெர்மனியின் சில பகுதிகளிலும் நார்வே, சுவீடன் நாடுகளிலும் இதே பண்டத்துக்கு வழங்கும் பெயர்களின் பொருள் 'மிளகு அப்பம்' என்பதாகும். தொலைகிழக்கிலிருந்து வந்த மணப்பொருள் எதையும் மிளகு என்று அழைத்த இடைக்காலப் பழக்கத்தின் மிச்சம் இது.

ரொட்டி வீடான கதை

ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரம் இந்த ரொட்டிக்குப் புகழ்பெற்றது. வணிகப் பாதைகள் கூடும் இடமாக இருந்ததால் மணப்பொருளும், சுற்றியிருந்த காடுகளால் தேனும் அங்கு எளிதில் கிடைத்தன. 1395ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அந்நகரத்து ரொட்டிக்காரர் குறிப்பிடப்படுகிறார். 1643இல் அவர்களுக்கெனத் தனித் தொழிற்சங்கம் அமைந்தது. செதுக்கிய மர அச்சுகளில் மாவை அழுத்தி மனிதர், விலங்கு, கோட்டை உருவங்களைச் சுட்டு விற்றனர். மணப்பொருளின் விலை உயர்வாக இருந்த காலத்தில் இந்த ரொட்டி அன்றாட உணவாக இல்லை. திருநாளுக்கும் திருமணத்துக்கும் உரிய பண்டமாக இருந்தது.

உருவங்கள் வீடாக மாறியதற்குப் பெருந்துணை செய்தது ஒரு கதை. கிரிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில், பஞ்சக் காலத்தில் பெற்றோரால் காட்டில் விடப்பட்ட ஹான்சல், கிரேட்டல் என்னும் இரு குழந்தைகள் ஒரு வீட்டைக் காண்கின்றனர். அதன் சுவர் ரொட்டி, கூரை அப்பம், சன்னல் சர்க்கரை. பசித்த குழந்தைகளைப் பிடிக்கச் சூனியக்காரி வைத்த பொறி அது. இக்கதையைத் தழுவி ஹம்பர்டிங்க் இசையமைத்த நாடகம் 1893 டிசம்பர் 23 அன்று வைமார் நகரில் அரங்கேறி, கிறிஸ்துமஸ் காலத்து வழக்கமான நிகழ்ச்சியாகவும் நிலைபெற்றது. பஞ்சத்தில் பிறந்த கற்பனை வீடு இவ்வாறு விழாவின் செழிப்புக்கு அடையாளமாயிற்று.

பெரிய கட்டுமானங்கள்

நார்வேயின் பெர்கன் நகரில் 1991 முதல் ஆண்டுதோறும் இஞ்சிரொட்டியால் ஒரு நகரமே அமைக்கப்படுகிறது. மழலையர் பள்ளிகள், பள்ளிக்கூடங்கள், குடும்பங்கள், நிறுவனங்கள் ஆகியவை ஆளுக்கொரு வீடு சுட்டுக் கொண்டுவந்து வைக்கின்றன. 2009 நவம்பரில் இந்த நகரம் இரவில் நாசமாக்கப்பட்டது. மக்கள் மீண்டும் அடுப்பு மூட்டி, புதிய வீடுகளைச் சுட்டு வந்து காட்சியைத் திறந்தனர்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து பிரையன் நகரில் 2013 நவம்பர் 30 அன்று அமைக்கப்பட்ட இஞ்சிரொட்டி வீடு கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. அதன் நீளம் ஏறத்தாழ 18 மீட்டர், அகலம் 12.8 மீட்டர், உயரம் 3 மீட்டர். சுமார் 3,200 கிலோ மாவு, 800 கிலோவுக்கும் மேற்பட்ட வெண்ணெய், 7,200 முட்டை அதற்குச் செலவாயின. பார்வையாளரிடம் பெற்ற நன்கொடை உள்ளூர் மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றது.

இவ்வளவு பெரிய வீட்டை ரொட்டி தனியாகத் தாங்காது. முதலில் மரச்சட்டம் கட்டி, அதன்மேல் ரொட்டிப் பலகைகளை ஓடு பதிப்பதுபோல் பதிப்பார்கள். கட்டுமானத்துக்கான மாவு உப்பாதபடி பிசையப்படுகிறது; உப்பினால் விளிம்பு கோணி, பலகைகள் பொருந்தாமல் போகும். சுண்ணாம்புச் சாந்தின் இடத்தில் முட்டை வெண்கருவும் பொடித்த சர்க்கரையும் அடித்த கலவை பயன்படுகிறது. ஈரம் வற்றியதும் அது கல்போல் இறுகும்.

ஈரமே இந்த வீட்டின் பகை. சர்க்கரையும் தேனும் காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொள்வதால் பலகை இளகிச் சரியும். குளிர்ந்த வறண்ட காற்றில் வாரக்கணக்கில் நிற்கும் வீடு, வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அடங்காத தமிழ்நாட்டு டிசம்பரில் வெட்டவெளியில் நில்லாது; எறும்பும் விடாது. அதனால் திறந்தவெளியில் வைக்கும் பெரிய அமைப்புகள் பெரும்பாலும் தோற்றத்தில் மட்டுமே ரொட்டியாக இருக்கின்றன. ஒட்டுப்பலகையும் தெர்மாகோலும் பழுப்பு வண்ணம் பூசப்பட்டுச் சுவராகின்றன. வெள்ளைப் பூச்சு சர்க்கரைச் சாந்தாகிறது. சிவப்பும் வெள்ளையும் சுற்றிய பிளாஸ்டிக் குழாய் மிட்டாய்க் கோலாகிறது.

ஏலமலையின் அடிவாரம்

மார்க்கையன்கோட்டை, தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் சின்னமனூருக்கு அருகிலுள்ள பேரூராட்சி. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரைச் சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலமானது. மார்க்கையன்கோட்டையின் வயல்களும் இந்தப் பாசனத்தைச் சேர்ந்தவை.

கீழே நெல், மேலே ஏலம் என்பது இப்பள்ளத்தாக்கின் பொருளாதாரம். 19ஆம் நூற்றாண்டில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்தது. பின்னர் தோட்டங்கள் பெருகியபோது கம்பம், கூடலூர், போடி வட்டாரத்து மக்கள் உழைப்பாளராகவும் வணிகராகவும் மலையேறினர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. தோட்டம் ஒரு மாநிலத்திலும், அதில் வேலை செய்பவரின் வீடு மற்றொரு மாநிலத்திலும் என்றாயிற்று. இன்றும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியற்காலையில் ஜீப்களில் நெருக்கியடித்து மலையேறி மாலையில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வளைந்த மலைச்சாலையில் நடக்கும் விபத்துகளும் இத்தொழிலின் விலையாகவே இருந்து வருகின்றன.

ஏலச்செடியின் காய்கள் தூரடியில் தரையை ஒட்டிய சரங்களில் காய்ப்பதால், நாள் முழுவதும் குனிந்தபடி முற்றிய காயை மட்டும் தேர்ந்து எடுக்க வேண்டும். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும். உலர்ந்த காய் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விற்பனையாகிறது. காய் எடுப்புக் காலம் டிசம்பரையும் உள்ளடக்கியது. உலகின் குளிர்நாடுகளில் இஞ்சிரொட்டி வேகும் நாள்களில் இங்கே கூடை நிரம்பிக்கொண்டிருக்கிறது.

குடிலின் வரலாறு

கிறிஸ்துமஸ் குடிலின் தொடக்கம் இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில் 1223ஆம் ஆண்டு நிகழ்ந்ததாக வரலாறு கூறுகிறது. அசிசி பிரான்சிஸ், அவ்வூர்ப் பிரபு ஒருவர் உதவியோடு குகையொன்றில் தீவனத்தொட்டியும் வைக்கோலும் வைத்து, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தித் திருப்பலி நடக்கச் செய்தார். இயேசு பிறந்த இடத்தின் வறுமையை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் நோக்கம். குடிலில் செல்வத்தைக் காட்டும் வழக்கம் பின்னர் வந்தது. 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் அரசரும் பிரபுக்களும் பட்டாடை உடுத்திய நூற்றுக்கணக்கான பொம்மைகளுடன் குடில் அமைத்தனர். போலந்தின் கிராகோவ் நகரில் பளபளக்கும் வண்ணத்தாளால் மாளிகைபோல் கட்டும் குடில்களுக்கு 1937இல் போட்டி தொடங்கியது; 2018இல் அக்கலை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

தமிழகத்தில் மதுரை மிஷன் குருக்கள் சமயத்தை உள்ளூர் வடிவில் சொல்ல முயன்றனர். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி தமிழ்த் துறவியர்போல் வாழ்ந்தார். வீரமாமுனிவர் 'தேம்பாவணி'யில் பாலஸ்தீன நாட்டையே தமிழ் நிலமாகப் பாடினார். கம்பம் பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களின் கத்தோலிக்க ஆலயங்கள் இன்று மதுரை உயர்மறைமாவட்டத்தில் அடங்கும்.

ஊர்க் குடிலின் கட்டுமானம் நெல் விளையும் நாட்டுக்கே உரியது. மூங்கிலும் சவுக்குக் கம்பும் கால்களாகும். முதல்போக அறுவடையின் வைக்கோலோ தென்னங்கீற்றோ கூரையாகும். பழுப்புத் தாளைக் கசக்கி, கரியும் வண்ணமும் தெளித்துப் பாறை செய்வார்கள். முகம்பார்க்கும் கண்ணாடி குளமாகிறது. மணலைக் குவித்தால் பாலைவனமாகிறது. சில நாள்களுக்கு முன்பே தட்டுகளில் நெல் அல்லது கேழ்வரகு தூவி முளைக்கவிட்டு, அந்தப் பசும்பயிரை மேய்ச்சல் நிலமாக அடுக்குவார்கள். அம்மன் கோயில் திருவிழாவுக்கு வளர்க்கும் முளைப்பாரியைக் கண்டு பழகிய கைகளுக்கு இது புது வித்தையல்ல. மரியாள், சூசை, இடையர் சுரூபங்கள் முன்பே இடம்பிடித்தாலும் பாலன் சுரூபம் நள்ளிரவுத் திருப்பலியின்போதுதான் வைக்கப்படும். மூன்று அரசர்கள் ஜனவரி 6ஆம் நாள் திருநாளில் குடிலை நெருங்குவார்கள். இளைஞர்கள் இரவில் கட்டுவதும், சிறுவர்கள் வைக்கோல் சுமப்பதும், வேற்றுச் சமயத்து அண்டை வீட்டார் குழந்தைகளோடு பார்க்க வருவதும் இதன் பகுதிகளே.

மாறிவரும் காட்சி

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களின் நட்சத்திர விடுதிகளிலும் வணிக வளாகங்களிலும் இஞ்சிரொட்டி வீடு டிசம்பர் அலங்காரமாகிவிட்டது. ஊர்க் குடில்களிலும் வைக்கோலின் இடத்தில் தெர்மாகோலும், முளைப்பயிரின் இடத்தில் பிளாஸ்டிக் புல்விரிப்பும் வருகின்றன. இதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. இயந்திர அறுவடையில் வைக்கோல் நொறுங்கிப் போவதால் கூரை வேய நீண்ட தாள் கிடைப்பது அரிது. வண்ண விளக்குகளின் மின்கம்பியருகே காய்ந்த வைக்கோல் தீ அபாயமுடையது. ஆனால் தெர்மாகோல் தீயை வேகமாகப் பற்றிக்கொள்ளும், நச்சுப்புகையும் விடும் என்பதால் அது பாதுகாப்பான மாற்று அல்ல. வைக்கோலில் கட்டினாலும் வேறு எதில் கட்டினாலும், பழுதற்ற கம்பியும் சூடேறாத எல்.இ.டி. விளக்கும் அருகில் ஒரு வாளி மணலும் தேவை.

மற்றொரு வேறுபாடு விழா முடிந்த பிறகே தெரிகிறது. குடிலின் வைக்கோல் மாட்டுக்குத் தீனியாகிறது, முளைப்பயிரை ஆடு தின்கிறது, மூங்கில் அடுத்த ஆண்டுக்குப் பரணேறுகிறது. தெர்மாகோல் சுவர் உடைந்து வாய்க்காலில் மிதக்கிறது. முல்லைப் பெரியாற்று நீர் ஓடும் வாய்க்கால்தான் அந்த வட்டாரத்து வயல்களுக்கும் உயிர்நாடி.