கிளீவ்லாந்து பிரவுன்ஸ் ரசிகர்களின் வரலாறு

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் அமைந்துள்ள கிளீவ்லாந்து நகரின் தொழில்முறை அமெரிக்கக் காற்பந்து அணியாகும். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லையைக் கடக்கும் ஆட்டம் இது. இவ்வணி 1964-க்குப் பிறகு வாகையர் பட்டம் வென்றதில்லை. 1967-இல் தொடங்கிய சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் ஒருமுறைகூட ஆடியதில்லை. ஆயினும், உரிமையாளர் அணியை வேறு ஊருக்குக் கொண்டுசென்றபோது, அதன் பெயரும் நிறங்களும் வரலாறும் தங்கள் ஊருக்கே உரியவை என்று போராடி நிலைநாட்டியதில் ரசிகர்களுக்குப் பெரும் பங்குண்டு.

தொடக்கமும் வெற்றிக்காலமும்

இவ்வணி 1946-இல் ஆடத் தொடங்கியது. முதல் பயிற்சியாளர் பால் பிரவுனின் பெயரே அணிக்கு இடப்பட்டது. அப்போதைய 'அனைத்து அமெரிக்கக் காற்பந்து மாநாடு' என்ற போட்டித்தொடர் நடைபெற்ற நான்கு ஆண்டுகளிலும் (1946–1949) பிரவுன்ஸ் அணியே பட்டம் வென்றது. மரியன் மோட்லி, பில் வில்லிஸ் ஆகிய கறுப்பின வீரர்கள் 1946-லேயே இவ்வணியில் ஆடினர். 1950-இல் தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பில் சேர்ந்த அணி, அவ்வாண்டே பட்டம் பெற்றது; 1954, 1955 ஆண்டுகளிலும் வென்றது. 1961-இல் ஆர்ட் மோடெல் அணியை வாங்கினார். 1964 டிசம்பர் 27 அன்று பால்டிமோர் கோல்ட்ஸ் அணியை 27–0 என வென்றதே இன்றுவரை கடைசிப் பட்டம்.

நெருங்கி வந்து தோற்ற ஆண்டுகள்

இரும்பு, எஃகுத் தொழிலால் வளர்ந்த கிளீவ்லாந்தில் 1950-இல் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். ஆலைகள் நலிந்தபின் 1990-இல் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்து லட்சமாகக் குறைந்தது. 1978-இல் நகராட்சி வங்கிக் கடன்களைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலைக்கு வந்தது. இக்காலத்தில் ஊர் மக்கள் ஒன்றுகூடிய முதன்மையான இடங்களுள் ஏரிக்கரை அரங்கமும் ஒன்று. அதன் கிழக்குப் பக்க மலிவு இருக்கைகளில் நாய் முகமூடி அணிந்து குரைக்கும் ரசிகர் கூட்டம் 1980-களில் உருவானது. அப்பகுதிக்கு 'டாக் பவுண்ட்' என்று பெயர் நிலைத்தது.

அதே பத்தாண்டில் அணி பலமுறை வெற்றியின் வாயில்வரை சென்று திரும்பியது. 1987 சனவரியில் சொந்த அரங்கில், ஆட்டம் முடிய ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் இருக்கையில், டென்வர் அணியின் ஜான் எல்வே தம் அணியை 98 கெஜம் முன்னேற்றி ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கிளீவ்லாந்து தோற்றது. அடுத்த ஆண்டு அதே டென்வருக்கு எதிராக, எல்லைக்கோட்டின் அருகே எர்னஸ்ட் பைனரின் கையிலிருந்து பந்து நழுவியது. இரண்டில் எதை வென்றிருந்தாலும் அணி சூப்பர் பவுலில் ஆடியிருக்கும்.

அணியின் வெளியேற்றம்

1994-இல் நகரின் பேஸ்பால், கூடைப்பந்து அணிகள் புதிய அரங்குகளுக்கு மாறின. பழைய ஏரிக்கரை அரங்கை நிர்வகித்துவந்த மோடெல், பேஸ்பால் அணியால் கிடைத்த வருவாயை இழந்தார். 1995 நவம்பர் 6 அன்று அணியைப் பால்டிமோருக்கு மாற்றப்போவதாக அறிவித்தார். மறுநாள் நடந்த வாக்கெடுப்பில், பழைய அரங்கைப் புதுப்பிக்கும் வரிக்குக் கிளீவ்லாந்து மக்கள் பெரும்பான்மையாக ஆதரவளித்தனர். டிசம்பர் 17 அன்று நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்தில் ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்தெடுத்தனர். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் டாக் பவுண்ட் பகுதிக்கு ஓடிச்சென்று அவர்களைத் தழுவிக்கொண்டனர்.

அரங்கக் குத்தகை 1998 வரை இருந்ததைக் காட்டி நகராட்சி வழக்குத் தொடுத்தது. மேயர் மைக்கேல் ஒயிட் தலைமையில் கையெழுத்து மனுக்களும் தொலைநகல்களும் கூட்டமைப்பின் அலுவலகத்துக்குக் குவிந்தன. 1996 பிப்ரவரியில் உடன்பாடு ஏற்பட்டது. வீரர்களும் பணியாளர்களும் பால்டிமோருக்குச் செல்லலாம். பெயர், நிறங்கள், சாதனைப் பதிவுகள் கிளீவ்லாந்திலேயே இருக்கும். 1999-க்குள் அங்கு மீண்டும் ஓர் அணி அமையும் என முடிவானது. பால்டிமோர் சென்ற அணி 'ரேவன்ஸ்' என்ற புதிய அணியாகக் கருதப்பட்டது. 2001 சனவரியில் அது சூப்பர் பவுலை வென்றது. அவ்வெற்றி கிளீவ்லாந்தின் கணக்கில் சேரவில்லை.

மீள்வருகையும் சுழிய ஊர்வலமும்

பழைய அரங்கம் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் எழுந்த புதிய அரங்கில் 1999-இல் அணி மீண்டும் ஆடியது. முதல் பருவத்தில் 16 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது. 1999 முதல் 2017 வரையான 19 பருவங்களில் தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்தவை 2002, 2007 ஆகிய இரண்டே. 2016-இல் ஒரே ஒரு வெற்றி. 2017-இல் 16 ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு பருவத்தின் 16 ஆட்டங்களையும் தோற்ற முதல் அணி 2008-இன் டெட்ராய்ட் லயன்ஸ், பிரவுன்ஸ் இரண்டாவது.

2018 சனவரி 6 அன்று, கடுங்குளிரில், ஆயிரக்கணக்கான ரசிகர்கள் அரங்கைச் சுற்றி ஊர்வலம் சென்றனர். ஊர்வலப் பாதையே சுழிய வடிவில் அமைந்தது. சவப்பெட்டிகளும் கேலிப் பதாகைகளும் இடம்பெற்றன; இதையொட்டி உள்ளூர் உணவு வங்கிக்கு நன்கொடையும் திரட்டப்பட்டது. வீரர்கள் சிலர் இதை அவமதிப்பாகக் கருதினர். வந்தவர்களோ பிரவுன்ஸ் சட்டை அணிந்தே வந்தனர். அணியைக் கைவிடாமலேயே அதன் நிர்வாகத்தைக் கண்டித்தனர். 2018 செப்டம்பர் 20 அன்று, 635 நாட்களுக்குப் பிறகு, நியூயார்க் ஜெட்ஸ் அணியை 21–17 என வென்றபோது அரங்கம் நிறைந்திருந்தது. 2021 சனவரியில் நாக்-அவுட் சுற்றில் பிட்ஸ்பர்க் அணியை 48–37 என அணி தோற்கடித்தது.

சட்டமும் தாக்கமும்

1995-இன் இழப்பைத் தொடர்ந்து ஒகையோ மாநிலம் 1996-இல் ஒரு சட்டம் இயற்றியது. மக்களின் வரிப்பணத்தால் பயன்பெற்ற அணி வெளியேற விரும்பினால், ஆறு மாதம் முன்னறிவிப்புத் தந்து, உள்ளூரார் அணியை வாங்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது மோடெல் பெயராலேயே அறியப்படுகிறது. 2018-இல் கொலம்பஸ் க்ரூ என்ற சாக்கர் அணியைத் தக்கவைக்கும் போராட்டத்தில் இச்சட்டம் பயன்பட்டது. அந்த அணியை வாங்கியவர்களுள் பிரவுன்ஸ் உரிமையாளர்களான ஹாஸ்லம் குடும்பத்தினரும் இருந்தனர்.

அதே குடும்பம் 2024-இல் பிரவுன்ஸ் அணிக்குப் புறநகரான புரூக் பார்க்கில் கூரை வேய்ந்த அரங்கு கட்டும் திட்டத்தை முன்வைத்தபோது, நகராட்சி அவர்களுக்கு எதிராக இச்சட்டத்தையே கையிலெடுத்தது. 2025-இல் மாநில அரசு, ஒகையோவைவிட்டு வெளியேறும் அணிகளுக்கு மட்டுமே பொருந்துமாறு சட்டத்தைத் திருத்தியது. 1996 உடன்பாடு அணியின் பெயரையும் வரலாற்றையும் ஊருக்கு உறுதிசெய்தது. அணி எங்கே ஆடும் என்ற முடிவு இன்றும் பெரும்பாலும் உரிமையாளரின் கையிலேயே உள்ளது.