கருப்புக் காய்களின் கடைசி ஆட்டம்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சதுரங்கப் பட்டத்துக்கான 14-ஆவது, கடைசி ஆட்டம். இருவருக்கும் தலா 6.5 புள்ளிகள். வெள்ளைக் காய்களுடன் நடப்பு சாம்பியன் சீனாவின் டிங் லிரென்; கருப்புடன் சென்னையின் 18 வயது குகேஷ். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். டிராவில்தான் முடியும் என்று பலரும் முடிவுகட்டியிருந்தார்கள்.

55-ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை மாற்றிக்கொள்ள நீட்டினார். குகேஷ் அதை வெட்டினார். அடுத்து, மூலையில் கிடந்த வெள்ளை மந்திரிக்கு எதிரே தன் மந்திரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதுவும் மாறியது. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. அந்த நிலையில் கூடுதலான அந்த ஒரு சிப்பாய் போதும். 58 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது.

முதல் நகர்த்தல் வெள்ளைக்கு என்பதால், கருப்புக்கு டிரா கிடைத்தாலே லாபம் என்பது ஆட்டக்காரர்களின் பழைய கணக்கு. கடைசி ஆட்டத்தின் பதற்றம் அந்தக் கணக்கைப் புரட்டிப்போடுவதுண்டு.

2010 மே 11, பல்கேரியாவின் சோபியா. அங்கும் கடைசி ஆட்டம், அங்கும் புள்ளிகள் சமம், அங்கும் கருப்புடன் ஒரு சென்னைக்காரர். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, பிராங்பர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியாக வந்து சேர்ந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். அவர் எடுத்தது, லாஸ்கர் பெயர் கொண்ட பழைய, அடக்கமான தற்காப்பு. எதிரே பல்கேரியாவின் டோபலோவ். ராபிட் எனப்படும் குறைந்த நேர ஆட்டத்தில் ஆனந்தின் வேகத்தை அறிந்தவர் என்பதால், சமநிலையில் முடிந்தால் வரும் ராபிட் டைபிரேக் வேண்டாம் என்று துணிந்தார். 32-ஆவது நகர்த்தலில் ஒரு சிப்பாயை வெட்டித் தன் ராஜாவின் அரணைத் தானே திறந்துவிட்டார். 56 நகர்த்தல்களில் பட்டம் ஆனந்திடமே தங்கியது.

டோபலோவ் டைபிரேக்கைத் தவிர்க்கப் பாய்ந்து தோற்றார். டிங்குக்கோ ராபிடில் கை ஓங்கியிருக்கும் என்பது பரவலான கணிப்பு. டைபிரேக்கை எட்டிவிடக் காய்களைக் குறைத்தே அவர் தோற்றார்.

அந்த வெற்றியால் குகேஷ் முறியடித்தது, 22 வயதில் சாம்பியனான காஸ்பரோவின் மிக இளம் உலக சாம்பியன் சாதனையை. 1985 நவம்பரில் மாஸ்கோவில் நடப்பு சாம்பியன் கார்போவை வீழ்த்திய அந்தக் கடைசி ஆட்டத்தில் காஸ்பரோவ் ஆடியதும் கருப்பில்தான்.

2013-இல் உலகப் பட்டப் போட்டி சென்னைக்கு வந்தது. நார்வேயின் கார்ல்சன் ஆனந்தை மூன்று ஆட்டங்களில் வென்றார். அவற்றில் இரண்டு கருப்புக் காய்களில். சொந்த ஊர் நாயகன் பட்டம் இழந்த அந்தப் போட்டியைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தவர்களில், ஏழு வயது குகேஷும் ஒருவர்.