காக்ஸ் டவுன் கிதாரும் ஒரு செய்தித்தாள் துண்டும்

சென்ற ஆண்டு பெங்களூரு காக்ஸ் டவுனில், வீலர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பழைய கிதார் ஒன்றை நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் ஆங்கிலோ இந்திய மூதாட்டி. வீட்டைக் காலி செய்துவிட்டு மெல்போர்னிலுள்ள மகளிடம் செல்லவிருந்தார். தம் மாமனார் வாசித்த கருவி என்றும், இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்றும் அவர் உறுதியாக நம்பினார். பின்பக்கம் வெடித்திருந்தது, கழுத்து வளைந்திருந்தது, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பாதி பெயர்ந்து இரண்டு இரும்பு போல்ட்டுகளின் தயவில் நின்றுகொண்டிருந்தது. இதைச் செப்பனிட முயன்றபோது கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். என் ஆய்வேட்டிற்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை, நெறியாளர் பொறுத்துக்கொள்வாராக.

இடத்தைப் பற்றிச் சிறிது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயப் படை 1809இல் பெங்களூருக்கு இடம் மாறியது. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திருப்பி அளிக்கப்பட்டபோதும் இந்தப் படைநிலையம் மட்டும் பிரித்தானியர் கையிலேயே தங்கி, 1947 ஜூலை 26 அன்றுதான் மைசூரிடம் சேர்ந்தது. இரண்டு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியானது 1949இல். இடைப்பட்ட காலத்தில் படையைத் தொடர்ந்து வந்த தமிழர் பல தொழிலினர்: சிப்பாய், சமையற்காரர், தச்சர், கொத்தனார், வண்ணார், சிறு வணிகர். பிரேசர் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன் என்று அதிகாரிகளின் பெயர் தாங்கிய புறநகர்கள் வரிசையாக எழுந்தன. அவற்றின் முன்வாசல் மொழி ஆங்கிலம், பின்வாசல் மொழி பெரும்பாலும் தமிழ். காக்ஸ் டவுனுக்கு இன்று சர்வக்ஞ நகர் என்றும் பெயருண்டு. அந்தக் கன்னடக் கவிஞரின் சிலை சென்னையில் நிறுவப்பட்ட 2009ஆம் ஆண்டில்தான், அருகிலுள்ள அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையும் திறக்கப்பட்டது. பெயர்களைக் கொண்டு இப்பகுதியின் வரலாற்றை எழுதுவது எளிது. அதனாலேயே அவ்வாறே எழுதப்பட்டும் வருகிறது.

அவ்வாறு எழுதப்படும் வரலாறுகளில் கிதாருக்கு ஒரு நிலையான இடமுண்டு. நடனக்கூடம், கிறிஸ்துமஸ் விருந்து, ரயில்வே இன்ஸ்டிட்யூட், பிறகு புலம்பெயர்தல் என்னும் ஆங்கிலோ இந்திய அத்தியாயத்தில் அது வரும். தமிழருக்கான அத்தியாயம் வேறு. அதில் கோயில், தேவாலயம், ஆலை, மொழிப் போராட்டம் ஆகியன வரும், கிதார் வராது. நானும் அந்தப் பிரிவினையை நம்பியே இக்கருவியை வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் தகர்ந்தது இங்கிலாந்துக் கதை. ஒலித்துளை வழியே உள்ளே பார்த்தால் ஒட்டுச்சீட்டின் கீழ்ப்பாதி மட்டும் எஞ்சியிருந்தது. நிறுவனத்தின் பெயர் கிழிந்துபோய் 'கல்கத்தா' என்ற ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரிந்தன. இதில் வியப்பில்லை. 1956–57இல் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபின் இறக்குமதி உரிமக் கட்டுப்பாடு இறுகியது. வெளிநாட்டுக் கிதார் என்பது கப்பலில் வேலை செய்த உறவினர் கொண்டுவந்தால் உண்டு. அந்த வெற்றிடத்தில் கல்கத்தாப் பட்டறைகளின் கருவிகளே நாடெங்கும் ஒலித்தன. கிவ்சன், ஹாப்னர் என்ற பெயர்களை மூத்த வாசிப்பாளர் எவரும் அறிவர். மொழியியல் மாணவிக்கு இப்பெயர்கள் ஒரு விருந்து: அமெரிக்கக் கிப்சனின் ஈரிதழ் வெடிப்பொலியை உரசொலியாக்கினால் கிவ்சன், ஜெர்மானிய ஹாஃப்னரின் உரசொலியை வெடிப்பொலியாக்கினால் ஹாப்னர். ஒரே ஒலியன் மாற்றத்தில் ஓர் உள்நாட்டுத் தொழில்! கேலியாகச் சொல்லவில்லை. 1991 வரையிலும், அதற்குப் பின்னரும் சில ஆண்டுகள், கிதார் கற்ற இந்தியர் பெரும்பாலோரின் முதற்கருவி இத்தகையதே.

கருவியின் பெயரிலும் ஒரு செய்தி இருக்கிறது. ஆங்கிலத்தின் நுனியண்ண 't' தமிழுக்கு வரும்போது 'ட்' ஆவதே வழக்கம்: டாக்டர், டேபிள். போர்த்துக்கீசியத்தின் பல்லொலியோ பல்லொலியாகவே வரும்: பாதிரி. எனவே 'கிட்டார்' என்பது ஆங்கில வழக்கின் வடிவம். 'கிதார்' போர்த்துக்கீசிய, பிரெஞ்சு உச்சரிப்புகளுக்கு நெருக்கமானது. நான் எழுத்தில் கிதார் என்கிறேன். மூதாட்டி 'கிட்டார்' என்றார். பழுதுபார்த்தவர் 'கிட்டாரு' என்றார்.

இந்தப் பழுதுபார்ப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரேசர் டவுன் பக்கம் ஒரு சந்தில் ஆறடி அகலக் கடை. தச்சுக் குடும்பம், தாத்தா மேசை நாற்காலி செய்தவர். அவர் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியைத் துளைக்குள் விட்டு, கைபேசி விளக்கை அடித்து, பின்பலகையின் ஓரத்தைக் காட்டினார். வெடிப்பின்மேல் துணிப்பட்டை; அதன்மேல் செய்தித்தாள் துண்டு. கண்ணாடியில் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. படமெடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் அது தமிழ் என்று புலப்பட்டது. இரண்டு சொற்கள் முழுமையாக வாசிக்கக் கிடைத்தன: 'சென்னை', 'விலை'. இரண்டிலும் ஐகாரம் தும்பிக்கையுடன் இருந்தது.

இச்சான்றை எடைபோடுவதில் அவசரம் கூடாது. பெரியார் தம் இதழ்களில் 1935இலேயே கைக்கொண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது 1978இல். அரசாணை அச்சகங்களை ஒரே இரவில் மாற்றிவிடவில்லை. கர்நாடகத்தில் அச்சிடப்பட்டவற்றை அது கட்டுப்படுத்தவும் இல்லை. ஆகவே தாள் ஏறத்தாழ 1980க்கு முற்பட்டது என்று மட்டும் கொள்ளலாம். ஆனால் தாளின் காலம் வேறு, ஒட்டிய காலம் வேறு. அலமாரிக்கு அடியில் விரித்த பழைய தாள் இருபது ஆண்டு கழித்தும் கைக்கு வரும். இங்குப் பசை உதவியது. கருவியின் மூலப் பசை வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோல் காய்ச்சிய பழுப்புப் பசை. வெந்நீராவி காட்டினால் விட்டுக்கொடுக்கும். தாளை ஒட்டியிருந்ததோ காய்ந்தால் கண்ணாடிபோல் தெளியும் வெண்பசை. (மைதாவாக இருந்திருந்தால் கரப்பான் எனக்கு எதையும் விட்டுவைத்திராது.) இவ்வகைப் பசையை நம் தச்சரிடையே பரப்பிய ஃபெவிகால் 1959இல் சந்தைக்கு வந்தது. பழுது பார்க்கப்பட்டது அதற்குப் பின்னரே.

ஆக, கல்கத்தாவில் செய்து, காக்ஸ் டவுன் ஆங்கிலோ இந்தியர் வாசித்த ஒரு கருவி, ஏதோ ஒரு கட்டத்தில் தமிழ்த்தாள் கிடந்த ஒரு மேசைமேல் மல்லாந்து கிடந்திருக்கிறது. பழுதுபார்த்தவர் யார், தச்சரா, அண்டை வீட்டுக்காரரா, வாசித்தவரே ஒட்டினாரா என்பதைத் துண்டு சொல்லாது. ஆயினும் நம் வரலாறுகள் தனித்தனி அத்தியாயங்களில் வைத்த இரு உலகங்கள் ஒரு கைப்பிடிப் பசையில் ஒட்டிக்கொண்டிருப்பதை அது காட்டுகிறது. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடல் கிதார் ஒலியைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்ததைப் பலரும் எழுதியுள்ளனர். கம்பி மாட்டியவர், பிரிட்ஜ் ஒட்டியவர், கழுத்தை இழைத்தவர் ஆகியோரை எவரும் எழுதியதில்லை. கேட்டவர்களின் வரலாறு இருக்கிறது. செப்பனிட்டவர்களின் வரலாறு இல்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. கடைக்காரர் சொன்னார்: "இத பிச்சி எடுத்துட்டு உள்ள சின்னச் சின்ன மரத்துண்டு வச்சி ஒட்டணும்மா. பேப்பர் எதுக்கு? பலம் கெடையாது." தொழில் நோக்கில் அவர் சொல்வது முற்றிலும் சரி. எஃகுக் கம்பிகள் ஆறும் சுருதி சேர்ந்து நிற்கையில் அவற்றின் மொத்த இழுவிசை எழுபது கிலோவை எட்டக்கூடும். அந்தச் சுமையை இரவும் பகலும் தாங்குவது மெல்லிய பலகை. சுவடியைச் செல்லரித்த நிலையிலேயே விட்டுவைப்பது பதிப்பாகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையரின் மரபில் வந்த நமக்கு, பாடபேதத்தை அழித்துவிட்டு 'மூலத்தை' மீட்டதாகச் சொல்லிக்கொள்வது உறுத்தும். இக்கருவியின் மூலம் எது? கல்கத்தாவிலிருந்து வந்த நாளா, மாமனார் வாசித்த நாளா, தாள் ஒட்டிய நாளா?

ஒரு தவறும் நேர்ந்தது. நான் தயங்கிக்கொண்டிருந்த வாரத்தில், பிரிட்ஜைக் கழற்றி அடியிலிருந்த பசையை உப்புத்தாளால் சுத்தமாகத் தேய்த்து வைத்திருந்தார். அங்கே பென்சிலில் ஏதோ எழுதியிருந்ததாம். எண்ணா பெயரா என்று அவருக்கு நினைவில்லை. சொல்லிவைக்காதது என் பிழை.

அதன்பின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். போல்ட்டுகள் போயின, புதிய பிரிட்ஜ் வஜ்ஜிரத்தில் ஒட்டப்பட்டது, கழுத்தின் மேற்பலகை இழைத்து நேராக்கப்பட்டது. வெடிப்பின் இரு முனைகளில் மட்டும் மரத்துண்டுகள்; நடுவில் துணியும் தாளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சுமையைக் குறைக்க மெல்லிய கம்பிகளே மாட்டியிருக்கிறோம். செலவு வாங்கிய விலையைப் போல் இரு மடங்கு. ஒலி சற்று அடங்கியே வருகிறது. தாளை எடுத்திருந்தால் இன்னும் திறந்து கேட்கும் என்று கடைக்காரர் இப்போதும் சொல்கிறார்.

பெங்களூரு கன்டோன்மென்ட், கோலார் தங்கவயல் பகுதிகளில் இசைக்கருவி பழுதுபார்த்தோரின் கணக்குப் புத்தகம், ரசீது, கடைப் பலகையின் புகைப்படம் எவர் வீட்டிலேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். பழைய கிதார் வைத்திருப்போர், கடைக்குக் கொண்டுசெல்லுமுன் ஒரு சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பாருங்கள். பிரிட்ஜின் அடியையும் படமெடுத்து வையுங்கள்.